மான் தீவன வயல் ஏன் எடுபடவில்லை? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் காட்டோரத்தில் கால் ஏக்கரோ ஒரு ஏக்கரோ திருத்தி, மானுக்குப் பிடித்த பயிரை விதைத்து வைப்பார்கள். ஃபுட் பிளாட் என்பது இதுதான். இங்கே தீவன வயல் என்றே சொல்லிக்கொள்வோம்.

வயல் பொய்த்தால் முதலில் விதை மூட்டையின் மேல்தான் பழி விழும். அடுத்த வருடம் கொம்பு மான் படம் போட்ட, இன்னும் விலை கூடிய மூட்டை வரும். அதுவும் பொய்க்கும். பழுது பெரும்பாலும் மண்ணில் இருக்கும், இல்லையென்றால் விதைத்த ஆழத்தில், விதைத்த நாளில், அல்லது பரணுக்குப் போய்வரும் பாதையில். எதில் என்று தெரியாமல் பணத்தைக் கொட்டாதீர்கள். பயிர் அடையாளம் காட்டும். அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கீழே வரும் நாள்கள் விஸ்கான்சின், மிச்சிகன், மினசோட்டா பக்கத்துக்கானவை. ஜார்ஜியா, அலபாமா போன்ற தென் மாநிலங்களில் இலையுதிர்கால விதைப்பை ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை தள்ளிக்கொள்ளுங்கள். மிச்சிகனில் துப்பாக்கி சீசன் நவம்பர் 15-ல் தொடங்குகிறது. விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள். வில் வேட்டை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும். ஆக, பயிர் அக்டோபரில் பசுமையாக இருக்க வேண்டும், நவம்பர் கடைசியிலும் மிச்சம் இருக்க வேண்டும். கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஒரு கூண்டு

விதைக்கிற அன்றே வயலில் ஒரு கம்பிக் கூண்டு நிறுத்திவிடுங்கள். 4 அடி உயரக் கம்பி வலையில் 13 அடி வெட்டி வளைத்தால் ஏறக்குறைய 4 அடி விட்டத்தில் வட்டம் கிடைக்கும். இரண்டு இரும்புக் குச்சி அடித்துக் கட்டினால் முடிந்தது. ஒரு ஏக்கர் வயலுக்கு இரண்டு கூண்டு வைத்தால் நல்லது: ஒன்று காட்டை ஒட்டி, ஒன்று நடுவில்.

மாதம் கழித்துப் பாருங்கள். கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெறும் மண் என்றால் முளைப்பில் கோளாறு. உள்ளே முழங்கால் உயரம், வெளியே கட்டையாக என்றால் மான் தின்கிறது. இரண்டும் ஒரேபோல வெளிறிக் கிடந்தால் மண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒரேபோலச் செழித்து நின்றால் மான் வாயே வைக்கவில்லை. கூண்டு இல்லாதவருக்கு இந்த நான்கும் “வயல் சரியில்லை” என்ற ஒரே காட்சிதான். அதனால்தான் மருந்து மாறிப்போகிறது.

அறிகுறி: பத்து நாளாகியும் முளைக்கவில்லை, அல்லது திட்டுத்திட்டாக முளைத்திருக்கிறது

வண்டிச் சக்கரம் போன தடத்தில் மட்டும் வரிசையாக முளைத்து, மற்ற இடம் வெறுமையாக இருக்கிறதா? அப்படியென்றால் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. மண் பொலபொலவென்று இருந்திருக்கிறது. டயர் அழுத்திய இடத்தில்தான் விதைக்கும் மண்ணுக்கும் ஒட்டு கிடைத்து, கீழ் ஈரம் மேலே ஏறியிருக்கிறது. மற்ற இடத்தில் விதை ஆழத்தில் புதைந்திருக்கும், அல்லது காற்று இடைவெளியில் ஊறி, உப்பி, காய்ந்து செத்திருக்கும்.

குளோவர் என்பது தரையோடு படரும் பயறுவகைத் தீவனச் செடி, அதன் விதை கடுகைவிடச் சிறியது. முள்ளங்கிபோல் கிழங்கு விடும் டர்னிப்பின் விதை பார்க்கக் கடுகேதான், இரண்டும் ஒரே குடும்பம். இவை கால் அங்குலத்துக்கு மேல் மண்ணை முட்டிக்கொண்டு வராது. ஓட்ஸ், ரை, கோதுமை ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம். சோயா, தட்டைப்பயறும் அப்படியே. பலரும் செய்யும் தவறு இது: உழுது, தூவி, “மூட வேண்டுமே” என்று மறுபடி டிஸ்க் (வட்டத் தகட்டுக் கலப்பை) ஓட்டுவார்கள். குளோவர் மூன்று அங்குலம் கீழே போய்விடும். அது திரும்பி வராது.

சரியான வரிசை: உழுதபின் ஒருமுறை ரோலர் உருட்டுங்கள். பூட்ஸ் காலால் மிதித்துப் பாருங்கள். தடம் அரை அங்குலத்துக்கு மேல் அமிழ்ந்தால் இன்னொரு முறை உருட்டுங்கள். ஓட்ஸ் போன்ற பெரிய விதையைச் சேர்த்து விதைப்பதானால், அதை முதலில் தூவி மேலோட்டமாகக் கிளறி மூடிவிட்டு உருட்டுங்கள். சிறு விதையைக் கடைசியில் தூவி மறுபடி உருட்டுங்கள். அவ்வளவுதான், சிறு விதையின்மேல் மண் போட வேண்டாம். ரோலர் இல்லாதவர் ஏடிவி (காட்டுவழி நான்கு சக்கர வண்டி) டயரைப் பக்கம் பக்கமாக ஓட்டினாலும் வேலை நடக்கும்.

தூவும்போது மொத்த விதையையும் ஒரே வீச்சில் கொட்டாதீர்கள். பாதியை வடக்கு தெற்காக, மீதியைக் கிழக்கு மேற்காக. ஏக்கருக்கு மூன்று நான்கு கிலோ மட்டும் போக வேண்டிய பொடி விதையை உலர்ந்த மணலோடு கலந்தால் தூவுகருவி சீராகக் கொட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் மீதமிருக்கும் விதையில் 100 எண்ணி, ஈரமான பேப்பர் டவலில் சுருட்டி, ஜிப் பையில் போட்டு அறை வெப்பத்தில் ஒரு வாரம் வையுங்கள். 70-க்குக் கீழே முளைத்தால் விதை பழசு. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டையும் படியுங்கள். குளோவர் விதைக்கு மேல்பூச்சு பூசி விற்பார்கள், எடையில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பூச்சாக இருப்பது சாதாரணம். சீட்டில் தூய விதை 65 சதவீதம், முளைப்பு 85 சதவீதம் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: உயிருள்ள விதை 55 சதவீதம்தான். ஏக்கருக்கு 3.5 கிலோ வேண்டுமென்றால் 6.3 கிலோ போட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாதவர்களின் வயல்தான் “பாதி விலைக்கு வாங்கியும் பாதிதான் முளைத்தது” என்று நிற்கும்.

அதே சீட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரை தானியம் வேறு, ரைகிராஸ் வேறு. செகாலே செரியாலே என்ற தாவரப் பெயர் இருந்தால்தான் தானியம். ரைகிராஸை விதைத்துவிட்டால் அது களையாகி வருடக்கணக்கில் போகாது.

விதைத்த இடத்தில் சிறு சிறு குழிகளும் உமியும் தெரிந்தால் காட்டு வான்கோழியும் காகமும் கிளறியிருக்கின்றன. ஓட்ஸும் சோயாவும் மேலே தெரியக் கிடந்தால் அவை விடாது.

அறிகுறி: நன்றாக முளைத்தது, பிறகு காணாமல் போனது

குனிந்து தண்டின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் அழுத்திப் பிய்த்துத்தான் தின்னும், அதனால் நுனி கிழிந்து நார் நாராக நிற்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் நிறைந்திருந்தால் தெள்ளு வண்டு, டர்னிப் நாற்றில் அதிகம் வரும். காலையில் பளபளக்கும் கோடுகள் தெரிந்தால் ஸ்லக் எனும் ஓடில்லா நத்தை.

ஒரே இரவில் ஓட்ஸ் முழுக்க மொட்டையானால் சந்தேகமில்லாமல் படைப்புழு. தென் மாநிலங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் இது அடிக்கடி நடக்கும். தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் 2018-ல் புகுந்த அதே புழுதான். அமெரிக்கக் கண்டங்கள்தான் அதன் பூர்விகம். தலையில் கவிழ்த்த ஒய் எழுத்து, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. வெயிலில் மண்ணோடு ஒளிந்துகொள்ளும் என்பதால் அதிகாலையிலோ அந்தியிலோ தேடுங்கள். ஒரு சதுர அடிக்கு இரண்டு மூன்று இருந்தாலே மருந்தடிக்க வேண்டும். அரை அங்குலத்துக்குள் இருக்கும்போது அடித்தால்தான் சாகும். பெரிதான புழு தின்று முடித்துத் தானாகவே மண்ணுக்குள் போய்விடும், அப்போது அடிப்பது வீண்.

கூண்டுக்குள் மட்டும் பயிர் நிற்கிறது, வெளியே தண்டு நார் நாராக இருக்கிறது என்றால் மான்தான். வயல் சிறிது, வாய்கள் அதிகம். சோயா, தட்டைப்பயறு, லேப்லேப் மூன்றும் இதில் முதலில் போகும். லேப்லேப் என்று இங்கே பெருமையாக விற்கப்படுவது நம் அவரை, மொச்சை இனமே. நெருக்கமாக மான் உள்ள இடத்தில் அரை ஏக்கர் அவரை இரண்டாவது இலை விடுவதற்குள் தீர்ந்துவிடும். முதல் இலைகளோடு குருத்தும் போவதால் மறுபடி துளிர்க்காது. அத்தகைய இடத்தில் இரண்டு மூன்று ஏக்கருக்குக் கீழே இவற்றை வேலியில்லாமல் விதைப்பது நியாயமே இல்லை என்பது எங்கள் முடிவான கருத்து. குளோவர் போடுங்கள், அது தரையோடு படர்ந்து மேய மேயத் துளிர்க்கும்.

வேலி போடுவதானால் இரண்டு வரிசை மின்கம்பி வேலி. வெளி வரிசையில் 18 அங்குல உயரத்தில் ஒரே கம்பி. அதற்கு 3 அடி உள்ளே இன்னொரு வரிசை, 10 அங்குலத்திலும் 24 அங்குலத்திலும் இரு கம்பிகள். உயரத்தை மான் தாண்டிவிடும், ஆனால் இரண்டு வரிசைக்கு இடையிலுள்ள அகலத்தை அதனால் சரியாகக் கணிக்க முடிவதில்லை, அதனால் தயங்கி நிற்கும். விதைத்த அன்றே மின்சாரம் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை உள்ளே வந்து ருசி பார்த்தபின் போடும் வேலிக்கு மதிப்பு குறைவு.

நாற்று மேயப்படவில்லை, புழுவும் இல்லை, வெளுத்து ஓரம் கருகிச் சாகிறது என்றால் போன பயிருக்கு அடித்த களைக்கொல்லியின் மிச்சத்தைச் சந்தேகியுங்கள். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடித்த நிலத்தில் அதே வருடம் ஓட்ஸ், குளோவர், டர்னிப் போட்டால் இப்படித்தான் ஆகும். விதைக்கும் முன்பே சோதித்துக்கொள்ளலாம். வயல் மண்ணை ஒரு தொட்டியிலும், களைக்கொல்லி படாத வேலியோர மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, விதைக்கப்போகும் விதையையே இரண்டிலும் போட்டு மூன்று வாரம் பாருங்கள்.

அறிகுறி: பயிர் இருக்கிறது, ஆனால் வெளிறி, குட்டையாக நிற்கிறது

இங்கே பயிரைப் பொறுத்துக் காரணம் மாறும். ஓட்ஸிலும் டர்னிப்பிலும் அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. ஏக்கருக்கு 50 முதல் 60 கிலோ யூரியா, மழை வருவதற்குச் சற்று முன்னால். வெயிலில் காய்ந்த தரையில் போட்டுவிட்டு ஒரு வாரம் மழையில்லாமல் போனால் பாதி சத்து காற்றோடு போய்விடும். இலை ஊதா படர்ந்தால் மணிச்சத்துக் குறைவு, அல்லது வெறும் குளிர். குளிரால் வந்தது இரண்டு வெப்ப நாளில் தானாகவே மறையும்.

குளோவர் வெளிறினால் யூரியா மூட்டையைத் தொடாதீர்கள். அதைப் போட்டால் நடுவிலிருக்கும் புல்தான் கொழுக்கும். ஒரு செடியைக் கரண்டியால் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முளைத்து ஐந்தாறு வாரமான செடியில் குண்டூசித் தலைபோல் முடிச்சுகள் இருக்க வேண்டும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளையோ பச்சையோ என்றால் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் விதையோடு ரைசோபியம் என்ற அந்தப் பாக்டீரியாவைச் சேர்க்கவில்லை, அல்லது தவறான பொட்டலம். குளோவருக்கு ஒன்று, குதிரைமசாலுக்கு வேறு, சோயாவுக்கு வேறு. தட்டைப்பயறுக்கும் அவரைக்கும் மட்டும் ஒரே பொட்டலம் போதும்.

சேர்க்கும் முறை நம் ஊர் விதை நேர்த்திதான். ஆறிய அரிசிக் கஞ்சியைக் கொஞ்சமாகத் தெளித்து விதையைப் பிசுபிசுப்பாக்கி, பொடியைத் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். இங்கே பலர் சர்க்கரைத் தண்ணீர் வைத்துச் செய்கிறார்கள், பலன் ஒன்றே. பொட்டலத்தை வண்டியின் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு போனால் வெயிலில் பாக்டீரியா செத்துவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

முடிச்சும் இல்லை, செடியும் நோஞ்சான், நடுநடுவே பாசியும் புளிப்பான இலையுள்ள ஷீப் சோரல் களையும் என்றால் மண் அமிலமாக இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் பிஎச் 5-க்குப் பக்கத்தில் இருப்பது சகஜம். குளோவருக்கு 6.5 வேண்டும், ஓட்ஸும் ரையும் 6-க்குச் சற்றுக் கீழே இருந்தாலும் சமாளிக்கும். அமில மண்ணில் போட்ட மணிச்சத்தைக் கரையவிடாமல் அலுமினியமும் இரும்பும் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுண்ணாம்புக்கு முன்னால் உரம் வாங்குவது வீண்.

மண் மாதிரி எடுக்கும்போது வயலில் 10, 15 இடத்தில் மேல் 6 அங்குல மண்ணைக் குடைந்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் ஒரு கோப்பை மட்டும் அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளி கூடாது, துத்தநாக அளவு தவறாக வரும். மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கவுண்டி (மாவட்டம் போன்றது) வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் இதை வாங்கிக்கொள்ளும். செலவு ஒரு மூட்டை விதையைவிடக் குறைவு.

அறிக்கை ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்பு என்றால், கால் ஏக்கர் வயலுக்கு 40 பவுண்டு மூட்டை 25 வேண்டும். அதாவது ஏறத்தாழ 450 கிலோ. நான்கு மூட்டையைத் தூவிவிட்டுச் சுண்ணாம்பு போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். களிமண்ணுக்கு மணல் மண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். மண்ணோடு கலந்து உழுதாலும் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். மேலே தூவி விட்டுவிட்டால் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். எனவே ஆகஸ்ட் விதைப்புக்கு வசந்த காலத்திலேயே சுண்ணாம்பு போயிருக்க வேண்டும்.

அறிகுறி: விதைத்ததைவிடப் புல்தான் அதிகம்

குளோவருக்குள் புல் புகுந்தால் கிளெத்தோடிம் என்ற களைக்கொல்லி. புல் வகையை மட்டும் கொல்லும், குளோவரைத் தொடாது. புல் 4 முதல் 6 அங்குலமாக, வளரும் நிலையில் இருக்கும்போது, லேபிளில் சொன்ன அளவில், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் பயிர் எண்ணெய் (மருந்து இலைக்குள் இறங்க உதவுவது) சேர்த்து அடியுங்கள். எண்ணெய் இல்லாமல் அடிப்பதுதான் பலருக்கும் பலிக்காமல் போகும் காரணம். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். பத்து நாள் கழித்துப் புல்லின் நடுக்குருத்தை இழுத்தால் அழுகிய அடியோடு கையோடு வந்துவிடும். பச்சையாகத் தெரிந்தாலும் அந்தப் புல் செத்தாயிற்று.

அகன்ற இலைக் களைக்கு 2,4-டிபி. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 2,4-டி என்பது வேறு மருந்து, குளோவரையும் சேர்த்துக் கொன்றுவிடும். மருந்தே வேண்டாமென்றால் களை பூக்கும் தறுவாயில் குளோவரை 6 அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். கடும் வறட்சியில் வெட்டக் கூடாது, வேர் வெந்துவிடும்.

எல்லாப் பச்சையையும் கொல்ல விதைப்புக்கு முன் அடித்த கிளைபோசேட் களைக்கொல்லி பலிக்கவில்லை என்றால் எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று யோசியுங்கள். குட்டையிலிருந்து மொண்ட கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் துகள் அந்த மருந்தை ஒட்டிப்பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். களையை வெட்டிய மறுநாளே அடித்தாலும் மருந்தை வாங்கிக்கொள்ள இலை இருக்காது.

அறிகுறி: டர்னிப், முள்ளங்கியில் இலை மட்டும், கிழங்கு இல்லை

நெருக்கம். ஏக்கருக்கு 2 கிலோ டர்னிப் போதும். அரை ஏக்கர் வயலைக் கண்ணளவில் ஒரு ஏக்கர் என்று நினைத்து விதைத்தால் இரட்டிப்பு விழும். வயலை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அரை ஏக்கர் நம் கணக்கில் 50 சென்ட். நெருக்கமும் இல்லையென்றால் தாமதமாக விதைத்திருக்கிறீர்கள். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரம் விதைத்தால்தான் கடும் உறைபனிக்கு முன் கிழங்கு திரள 60 முதல் 90 நாள் கிடைக்கும். வேர் முண்டு முண்டாக வீங்கி இலை பகலில் வாடினால் கிளப்ரூட் நோய். ஒரே இடத்தில் கடுகுக் குடும்பத்தை இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு வரும். பயிரை மாற்றுங்கள்.

அறிகுறி: வயல் செழிப்பாக இருக்கிறது, மான் தொடவே இல்லை

டர்னிப் இலையா? அப்படியென்றால் பொறுங்கள். உறைபனி விழும்வரை அதை மான் ஒதுக்கிவிட்டுப் போவது வழக்கம். குளிர் பட்டபின் இலையில் இனிப்பு கூடும், வேறு தீவனமும் குறையும். அதுவரை பார்த்திராத பயிரென்றால் முதல் வருடம் முழுக்கக்கூடத் தொடாமல் இருக்கலாம். அதனால்தான் டர்னிப்பை மட்டும் நம்பக் கூடாது. வயலின் ஒரு பாதியில் ஓட்ஸும் குளோவரும் இருக்கட்டும். செப்டம்பரிலிருந்து அதற்கு வந்து பழகிய மான், டிசம்பரில் மறுபாதிக்குத் தானாக நகரும்.

செப்டம்பர் முழுக்க வந்துகொண்டிருந்த மான் அக்டோபரில் திடீரென்று மறைந்தால் காட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வெள்ளை ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்க ஆரம்பித்திருக்கும். அந்தக் கொட்டைக்கு நிகராக எதையும் விதைக்க முடியாது. வயலில் குறையில்லை. பரணை ஓக் மரங்களுக்கு மாற்றுங்கள், கொட்டை தீர்ந்ததும் வயலுக்குத் திரும்பி வரும்.

ஓட்ஸ் முற்றிக் கதிர் விட்டிருந்தாலும் மான் விலகும். ஜூலையில் விதைத்த ஓட்ஸ் அக்டோபரில் வைக்கோல். ஆகஸ்ட் கடைசிதான் அதற்கு நாள். ஏக்கருக்கு 45 கிலோ, குளோவரோடு கலந்தால் பாதி.

அறிகுறி: மான் வருகிறது, ஆனால் இருட்டிய பிறகுதான்

மண்ணில் எவ்வளவு உழைத்தவரும் இங்கேதான் கோட்டை விடுகிறார். வயலோரம் மாட்டிய தானியங்கிக் கேமராவில் நள்ளிரவுப் படங்கள் மட்டும் விழுந்தால் பயிர் தேறிவிட்டது, மனித வாடைதான் மீதமுள்ள பழுது.

முதலில் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். மாலை வேட்டை முடிந்து இருட்டும் நேரத்தில் வயலில் ஐந்தாறு பெண் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அப்போது பரணிலிருந்து இறங்கினால் எல்லாம் சீறிக்கொண்டு வாலைத் தூக்கி ஓடும். இரண்டு மாலை இப்படி நடந்தால் அந்தக் கூட்டம் வெளிச்சத்தில் வருவதை நிறுத்திவிடும். நிலத்தில் வண்டி நடமாட்டம் வழக்கமாக உண்டென்றால், யாரையாவது டிராக்டரிலோ ஏடிவியிலோ வயலோரம் வரச் சொல்லுங்கள். வண்டிக்கு மான் விலகுமே தவிர அந்த இடத்தையே வெறுக்காது. அது காட்டுக்குள் போனபின் இறங்குங்கள்.

அடுத்தது காற்று. உங்கள் பக்கமிருந்து மான் வரும் காட்டை நோக்கிக் காற்று வீசும் நாளில் அந்தப் பரணில் உட்காராதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். சரிவான இடத்தில் இன்னொன்றும் உண்டு: மாலையில் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். வயலுக்கு மேட்டில் கட்டிய பரணிலிருந்து கடைசி அரை மணி நேரத்தில் உங்கள் வாடை நேராக வயலில் இறங்கும். காற்று பலமில்லாத மாலையில், வானிலைச் செயலி எந்தத் திசை காட்டினாலும் இதுதான் நடக்கும். சிறு பையில் மாவு வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு சிட்டிகை விட்டுப் பாருங்கள், எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

காலை வேட்டைக்கு வயலுக்குப் போவதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். இருட்டில் நடந்துபோகும்போது மான் வயலில்தான் நிற்கும். மாலை வயலுக்கு, காலை மான் படுக்கப் போகும் பாதைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மறைப்பு. நாற்புறமும் திறந்த சதுர வயலில் வயதான ஆண் மான் பகலில் கால் வைக்காது. நீளமாக, நடுவில் இடுங்கியதாக வயலை அமைத்தால் ஒரு முனையிலிருந்து பார்க்கும் மானுக்கு மறுமுனை தெரியாது. பார்க்க நடந்து வரும், இடுங்கிய இடத்தில் பரண் இருக்கட்டும். நீங்கள் நடக்கும் பாதையோரம் எகிப்தியன் வீட் விதைக்கலாம். பெயரில்தான் கோதுமை, பயிர் நம் சோளம்தான். மண் சூடேறிய ஜூன் தொடக்கத்தில் விதைத்து, தழைச்சத்தும் கொடுத்தால் இலையுதிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி மறைக்கும். கனத்த பனி விழுந்தால் சாய்ந்துவிடும், அதற்குள் சீசன் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கேமரா அட்டையை எடுக்க வாரம்தோறும் போவதும் ஒரு படையெடுப்புதான். படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் கேமரா வைக்க முடிந்தால் வையுங்கள், இல்லையென்றால் மழை நாளில் நண்பகலில் மட்டும் போங்கள்.

அறிகுறி: முதல் கடுங்குளிரில் வயல் பழுப்பாகிவிட்டது

ஓட்ஸ் மட்டும் விதைத்திருப்பீர்கள். மைனஸ் 7, 8 டிகிரி செல்சியஸ் தொடர்ந்தால் ஓட்ஸ் சாகும். வட மாநிலங்களில் ஓட்ஸோடு பாதிக்குப் பாதி ரை தானியம் கலந்து விதையுங்கள். ரை பனிக்கடியிலும் உயிரோடிருந்து மார்ச்சில் முதல் பச்சையாக நிற்கும்.

அறிகுறி: செப்டம்பர் பிறந்தும் வயல் வெறுமையாக இருக்கிறது

மீட்க ஒரு வழி உண்டு, அதுவும் ரைதான். மண் 1, 2 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் முளைக்கும். ஏக்கருக்கு 50 கிலோ, செப்டம்பர் கடைசி வரை, மழைக்கு முன்னால் தூவி உருட்டிவிடுங்கள். மூன்று வாரத்தில் மேய்ச்சல் கிடைக்கும்.

இந்தப் பதற்றத்தில் மக்காச்சோள மூட்டையை வாங்கி வயலில் கொட்டும் எண்ணம் வரும். அங்கே நில்லுங்கள். விதைத்து வளர்ந்து நிற்கும் பயிரின் மேல் வேட்டையாடுவது ஒன்று, அறுத்த தானியத்தைக் கொட்டி ஈர்ப்பது வேறு. பின்னதைச் சட்டம் இரை வைத்தல் என்கிறது. மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும். மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் கண்ட பகுதிகளில் தடை கடுமையாக இருக்கும். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய் எச்சிலாலும் கழிவாலும் பரவுகிறது, மண்ணிலும் தங்குகிறது. ஒரே குவியலில் பத்து மான் மூக்கை வைப்பது அதற்கு வழி திறப்பதாகும். அந்த வருடத்து விதிப் புத்தகத்தை இயற்கைவளத் துறைத் தளத்தில் படித்துவிட்டே வயலில் இறங்குங்கள். வாத்து வேட்டையும் உண்டென்றால் கூடுதல் கவனம் தேவை: நிற்கும் மக்காச்சோளத்தை வெட்டித் தானியத்தைச் சிதறவிட்ட வயல், கூட்டாட்சி விதிப்படி வாத்துக்கு இரை வைத்த இடம். தானியத்தை முழுக்க அகற்றியபின் பத்து நாள் கழியும்வரை அங்கே வாத்து சுடக் கூடாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 சட்டப்படி மான் வேட்டையே குற்றம்.

அறிகுறி: மூன்று நான்கு வருடம் நன்றாக இருந்த குளோவர் மெலிந்து புல் ஏறுகிறது

இது நோயல்ல. இத்தனை வருடம் குளோவர் சேர்த்துவைத்த தழைச்சத்துதான் இப்போது புல்லுக்குத் தீனியாகிறது. மேலே மேலே கிளெத்தோடிம் அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஜூலை நடுவில் கிளைபோசேட் அடித்து எல்லாவற்றையும் காயவிட்டு, இரண்டு வாரம் கழித்து டர்னிப்பும், ஆகஸ்ட் கடைசியில் அதன் இடைவெளிகளில் ரையும் விதையுங்கள். சேர்ந்திருக்கும் தழைச்சத்தை அவை தின்று தீர்க்கும், அந்த வருடம் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம். அடுத்த பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, இரவில் உறைந்து பகலில் இளகும் நாள்களில், ரையின் ஊடே ஏக்கருக்கு 3.5 கிலோ வெள்ளைக் குளோவரைக் காலையில் தூவிவிட்டு வாருங்கள். உறைந்த மண் தேன்கூடுபோல் வெடித்திருக்கும், விதை அந்த வெடிப்பில் விழும், வெயிலில் மண் இளகி அதை மூடிக்கொள்ளும். உழவும் வேண்டாம், ரோலரும் வேண்டாம். ஜூனில் ரை கதிர் விட்டதும் குளோவருக்கு மேலாக வெட்டிச் சாய்த்துவிடுங்கள்.